வருகைப் பதிவேட்டில் வளர்மதி

நான்காம் வகுப்பு படித்த வருடம் எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. காலையில் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடும்போது, குறிப்பிட்ட ஒரு பெயர் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைக் கிள்ள வேண்டும். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அவளும் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதனால் அந்த வருடம் எனக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் பாயில் படுத்துக் கிடந்தோம். உடம்பு சுட்டது என்னவோ எனக்கு மட்டும்தான்.

கிள்ளுவதற்கான அளவைச் சித்தப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். தன் முழங்கைக்குக் கீழே கிள்ளிக் காட்டி, "இம்புட்டுத்தான். ரோசம் வரணும், ரத்தம் வரக் கூடாது" என்றார். நான் பொறுப்பான பிள்ளை. வீட்டில் என் தொடையிலேயே கிள்ளிப் பழகிக்கொண்டு போனேன்.

டீச்சர் "வளர்மதி" என்று கூப்பிடுவார். நான் கிள்ளுவேன். அவள் எங்கிருந்தோ திரும்பி வருகிறவள் மாதிரி நிமிர்ந்து, "உள்ளேன் டீச்சர்" என்பாள். ஆனால் அவள் பெயர் வளர்மதி இல்லை. அவள் பெயர் தர்சிகா.

தர்சிகா எங்கள் வீட்டுக்கு மீன் வண்டியில் வந்தாள். சித்தப்பா குட்டியானை வண்டி வைத்திருந்தார். விடிந்ததும் கட்டுமாவடியில் மீன் பெட்டிகளை ஏற்றி அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், திருமயம் என்று போட்டுவிட்டு மதியத்துக்கு வீடு திரும்புவார். ஒருநாள் மதியம் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பெண்ணும், பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சிறுமியும் உட்கார்ந்திருந்தார்கள். சிறுமியின் பாவாடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. காலையில் கோவிலில் தாலி கட்டிவிட்டதாகவும், இனிமேல் இதுதான் உன் சித்தி என்றும் சித்தப்பா என்னிடம் சொன்னார். அவர் எதையும் முடித்துவிட்டுத்தான் சொல்வார்.

சித்தி இலங்கைக்காரி. சண்டைக் காலத்தில், கைப்பிள்ளையாக இருந்த தர்சிகாவைத் தூக்கிக்கொண்டு படகில் இந்தக் கரைக்கு வந்தவள். வந்தவர்கள் முறைப்படி முகாமுக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும். சித்தி போகவில்லை. போனால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று படகில் கூட வந்த யாரோ சொன்ன ஒரு பேச்சை எட்டு வருடமாக நம்பிக்கொண்டு, கடலோரத்தில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் வளர்ந்திருந்தது. மணலில் விரலால் எழுதித் தாயே எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அவர்கள் வந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, பிள்ளைக்குப் பேப்பர் இல்லை என்பதுதான். பிறந்த சர்டிபிகேட் இல்லை, ரேஷன் கார்டில் பேர் இல்லை, எதுவும் இல்லை. பேப்பர் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சேர்ப்பது, போய்க் கேட்டால் எந்த ஊர் என்பார்கள், எந்த ஊர் என்று சொன்னால் போலீசுக்குப் போய்விடும். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நான் என் இரட்டைக்கோடு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சித்திகூட, வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வருவதற்கு முன்னால் மூக்கின் நுனி வேர்க்கும். நேற்றைய மீனுக்கு இன்றைய ஐஸைப் போட்டு இன்றைய மீனாக்கத் தெரிந்தவர் அவர். ஒரு சாயங்காலம் மூக்கு வேர்க்க வந்து அம்மாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. நம்ம வீட்டுலயே ஒரு சர்டிபிகேட் சும்மாதானே கெடக்கு."

அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். பெயர் வளர்மதி. பதினோராம் மாதத்தில் காய்ச்சல் கண்டு புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனாள். அவளுடைய பிறந்த சர்டிபிகேட் மட்டும் அப்பாவின் பழைய பாஸ்போர்ட், வீட்டு ரசீதுகளோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பீரோவின் மேல்தட்டில் இருந்தது. இறந்ததை எங்கேயும் யாரும் பதியவில்லை. அந்தக் காகிதத்தைப் பொறுத்தவரை அவளுக்கு அப்போது பத்து வயது நடந்துகொண்டிருந்தது.

சித்தி பதறிப்போய், "வேண்டாம் அக்கா. அது பாவம். எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள்.

அம்மா எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் மூடும் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்து அந்த உறையைச் சித்தியின் மடியில் வைத்தாள்.

"பேரச் சுருக்கிக் கூப்பிடக் கூடாது தம்பி. பள்ளிக்கூடத்துல வளர்மதின்னு முழுசாச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் வைத்த நிபந்தனை. அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னுடைய பழைய கவுனைக்கூட யாருக்கும் கொடுக்காதவள் அவள்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த அப்பாவுக்குப் போனில் விஷயம் சொல்லப்பட்டது. அங்கே அப்பாவுக்கு ஓர் அட்டை உண்டு. அட்டை இல்லாமல் கடைக்குக்கூடப் போகக் கூடாது என்று அடிக்கடி சொல்வார். "சரி, பிள்ளை படிக்கட்டும்" என்றார். பிறகு என்னை அழைத்து, நான் நன்றாகச் சாப்பிடுகிறேனா என்று இரண்டு தடவை கேட்டார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஈராசிரியர் பள்ளி. மூன்றாம் வகுப்பு வரை ஓர் அறை, நான்கும் ஐந்தும் இன்னோர் அறை. எங்கள் அறைக்குப் பெரிய டீச்சர். அவர்தான் தலைமையாசிரியை. அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் வருவார். மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஊரின் பழைய கணக்குகள் தெரியாது. பிள்ளை இத்தனை நாள் திருமயத்தில் பெரியம்மா வீட்டில் வளர்ந்ததாகவும், உடம்புக்கு முடியாமல் பள்ளிக்கூடமே அனுப்பவில்லை என்றும் சித்தப்பா ஒப்பித்தார். டீச்சர் சர்டிபிகேட்டைப் பார்த்தார். அந்த ஒல்லிப் பெண்ணைப் பார்த்தார். "பத்து வயசா?" என்றார். பிறகு வயதுக்கு ஏற்ற வகுப்பு என்று ஐந்தாம் வகுப்பில் எழுதினார். அறை ஒன்றே என்பதால் என் பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. இப்படித்தான் நான் வேலையில் சேர்ந்தேன்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கண்மாய்க் கரை மேலேதான் வழி. பாதித் தொலைவில் ஒரு மதகு உண்டு. அந்த மதகை வைத்துத் தர்சிகா ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டாள். காலையில் மதகுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி பதினோரு எட்டு வைப்பாள். கண்ணைத் திறக்கும்போது அவள் வளர்மதி. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடிகிறவரை நான் மறந்துகூடத் தர்சி என்று கூப்பிடக் கூடாது. சாயங்காலம் திரும்பும்போது மதகுப் படியில் இறங்கி முகம் கழுவுவாள். தண்ணீரின் வெளிச்சம் அவள் முகத்திலும் கழுத்திலும் நெளிந்துகொண்டிருக்கும். நிமிர்ந்து, "தர்சி வந்திட்டன்" என்பாள். பிறகு இருவரும் வீட்டுக்கு ஓடுவோம்.

பகலில் தர்சி எங்கே இருக்கிறாள் என்ற கேள்வி எனக்கு வந்தது. தண்ணீருக்குள் இருக்கிறாள் என்று அவளே சொன்னாள். அங்கே வெயில் இல்லை, பச்சை வெளிச்சம் மட்டும் உண்டு, மீன்கள் காதில் வந்து பேசும், பசிக்காது. சாயங்காலம் அவள் மேலே வந்ததும் வளர்மதி கீழே போய்விடுவாள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. மத்தியான நேரத்தில் ஜன்னல் வழியாகக் கண்மாய் பளபளப்பது தெரியும். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். அப்போது தண்ணீருக்கு அடியில் ஒருத்தி மல்லாந்து படுத்துக்கொண்டு எங்கள் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

வளர்மதி அக்காவை நாங்கள் இருவருமாகச் சேர்ந்து வளர்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் புளிச்ச மாங்காய் பிடிக்கும். அவளுக்கு இருட்டென்றால் பயம் இல்லை. அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. இருந்தாலும் அவளை நினைத்தால் பாவமாகவும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, ஆகையால் அவள் அன்றைக்கு முழுவதும் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கை பொரியை எடுத்துக்கொண்டுபோய் மதகில் போட்டுவிட்டு வருவேன். கெண்டைக்குஞ்சுகள் வந்து வாயைத் திறந்து திறந்து தின்னும்.

ஒருநாள் பொரி டப்பாவில் கை வைக்கும்போது அம்மா பிடித்துக்கொண்டாள். யாருக்கு என்று கேட்டாள். "வளர்மதிக்கு" என்றேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அம்மா டப்பாவை வாங்கி, இன்னொரு கை அள்ளி என் பாவாடையில் போட்டாள். கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் தூவினாள்.

அந்த வருடம்தான் அம்மாவுக்கு மறதி வந்தது. அதுவரை எதையும் மறக்காத மனுஷி. எந்த மாதம் எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தது என்பதுவரை சொல்வாள். ஆனால் தர்சிகா பள்ளியில் சேர்ந்ததிலிருந்து என் பையில் தினமும் ஏதாவது ஒன்றை வைக்க மறந்தாள். ஒருநாள் தண்ணீர் பாட்டில், ஒருநாள் ஸ்கேல், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு. நாங்கள் இறைவணக்கம் முடித்து வகுப்பில் உட்காரவும், அவள் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் வரவும் சரியாக இருக்கும். வந்ததும் கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டாள். டீச்சர் பதிவேட்டைத் திறந்துவிட்டாரே, நடுவில் போகக் கூடாதே என்கிற மாதிரி ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு உள்ளே வந்து பாட்டிலை வைத்துவிட்டுப் போவாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சரியாகக் கிள்ளுகிறேனா என்று மேற்பார்வை பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, ஒருநாள் சண்டை போட்டேன்.

"நான் ஒழுங்காத்தான் கிள்ளுறேன். நீ ஒண்ணும் வர வேணாம். எல்லாத்தையும் ராத்திரியே பையில வச்சிரு" என்றேன்.

"சரிடி, வச்சிர்றேன்" என்றாள். மறுநாள் சாப்பாட்டுத் தட்டை மறந்தாள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் பருவம் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை பெரிய டீச்சர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்தார். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் அதில் எழுதியிருந்தன.

"வீட்ல காட்டிச் சரியா இருக்கான்னு பாத்துட்டு வாங்க. இதப் பாத்துத்தான் டிசி எழுதுவேன். இதான் ஆறாவதுக்குப் போகும், இதான் பத்தாவது மார்க் ஷீட்டுக்கும் போகும். அதுல ஏறிருச்சுன்னா ஆயுசுக்கும் அதான். அப்பறம் வந்து டீச்சர் மாத்திக் குடுங்கன்னு எங்கிட்ட நிக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் மதகில் தர்சிகா முகம் கழுவவில்லை. படியில் உட்கார்ந்து அந்தத் துண்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பெயர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர் இருந்தது.

"இது உன்ர அப்பா" என்றாள்.

"ஆமா."

"என்ர அப்பாவுக்கு ஒரு பேர் இருக்கு. மறக்கக் கூடாதெண்டு அம்மா தினமும் படுக்கேக்க சொல்லச் சொல்லுவா. அத எங்கயும் எழுத இடமில்ல."

அவளுடைய அப்பா அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டவர். படகில் இடம் இல்லாமல் அடுத்த படகில் வருகிறேன் என்று சொன்னவர். எனக்கு அது முன்பே தெரியும். ஆனால் அதையும் இந்தத் துண்டுத் தாளையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நான் அவளைச் சமாதானப்படுத்த, "எங்கப்பாவும்தான் இங்க இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"நாளைக்குப் பேர் கூப்பிட்டா நான் சொல்ல மாட்டன். நீ கிள்ளக் கூடாது" என்றாள்.

"சித்தப்பா திட்டுவாரு."

"திட்டட்டும். ஆறாவதுக்கு நான் போகணும். வளர்மதி போகக் கூடாது."

அப்படிச் சொன்னால் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். போலீஸ் வரும், சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அவள் அழவில்லை. காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். கண்மாய் முழுவதும் வெயில் சிவந்து, பிறகு சாம்பலாகி, தண்ணீரும் கரையும் ஒரே நிறமாக ஆகும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தண்ணீருக்குள் இருப்பது யார், மேலே இருப்பது யார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

மறுநாள் காலை பதிவேடு திறந்தது. டீச்சர் நான்காம் வகுப்பை முடித்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு வந்தார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"வளர்மதி."

பக்கத்தில் சத்தமில்லை. அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

டீச்சர் நிமிரவில்லை. பேனாவைப் பிடித்தபடியே இன்னொரு முறை கூப்பிட்டார். "வளர்மதி. வரலையா?"

அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"இருக்கா டீச்சர்."

எல்லோரும் திரும்பினோம். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றொரு கையில் என் தண்ணீர் பாட்டில் இருந்தது. சொன்னது தான்தான் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், பிறகு பலகையையே பார்த்துக்கொண்டிருந்த தர்சிகாவைப் பார்த்தார். பேனாவை மூடிப் பதிவேட்டின் நடுவில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

வேப்பமரத்தடியில் இருவரும் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். தரையிலிருந்து இத்தனை உயரம் என்று கையால் காட்டினாள். அது நிற்கக்கூடத் தெரியாத ஒரு குழந்தையின் உயரம். டீச்சர் அவள் தோளைத் தொட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நான் நினைத்தேன். போலீஸ் எந்தப் பக்கமிருந்து வரும், கண்மாய்க் கரையிலா ரோட்டிலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வரவில்லை. மதியம் அம்மாவோடு சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். மீன் வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றது. எங்கள் இருவரையும் அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளை டீச்சர் விளையாட அனுப்பினார். சித்தி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஏங்க, யாரு சொன்னா பேப்பர் இல்லாட்டி சேக்க மாட்டோம்னு?" என்றார் டீச்சர்.

சித்தப்பா எங்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அது... எல்லாரும் சொல்றதுதானேங்க" என்றார்.

"வயசுக்கு ஆதாரம் இல்லைன்னு ஒரு பிள்ளையத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சட்டமே இருக்குங்க. எந்த நாடு, எப்ப வந்தீங்க, எதுல வந்தீங்கன்னு கேக்குறது எங்க வேலையும் இல்ல. பெத்தவங்க வந்து, இன்ன பேரு, இன்ன வயசுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் சேத்தாகணும். இதுக்குப் போயி இப்பிடி ஒரு காரியம் பண்ணுவாகளா?"

"மொதல்லயே தெரிஞ்சிருந்தா..."

"கேட்டாத்தானே சொல்ல முடியும். வரும்போதே கதையோட வந்தீங்க."

சித்தப்பாவின் மூக்கு நுனி வேர்த்தது. ஆனால் யோசனை எதுவும் வரவில்லை.

டீச்சர் சித்தியிடம் திரும்பினார். குரல் மாறியது. "முகாம்ல பேர் பதியிறது வேற ஆபீஸ், வேற வேல. அதையும் செய்யத்தான் வேணும். பயந்துகிட்டே எத்தன காலம் இருப்பீங்க. ஆனா அது முடியட்டும்னு பிள்ள படிப்ப நிறுத்த வேண்டியதில்ல. மேல போகப் போக நெறையா கேப்பாங்க, எல்லாம் சுலபமா இருக்கும்னு நான் சொல்லல. அன்னைக்குப் போயி நின்னு கேக்குறதுக்கு, படிச்ச படிப்பாச்சும் அவ பேருல இருக்கணும்ல."

சித்தி தலையாட்டினாள். "ஓம் டீச்சர்" என்றாள்.

"ஒரு வெள்ளப் பேப்பர் கொண்டா" என்றார் டீச்சர் என்னிடம். நான் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்தி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். கருவாட்டு உப்பில் வெடித்த விரல்களால் அவ்வளவு அழகான எழுத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மகள் பெயர் தர்சிகா. பிறந்தது மாசி மகத்துக்கு முந்தின நாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தேதியை டீச்சர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துச் சொன்னார். அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. தகப்பன் பெயர் என்ற வரிக்கு வந்ததும் சித்தியின் பேனா நின்றது. சித்தப்பா சட்டென்று எழுந்து, "வண்டிக் கண்ணாடி தூசியாக் கெடக்கு, தொடச்சுட்டு வாரேன்" என்று வெளியே போனார். சித்தி அந்தப் பெயரை எழுதினாள். தர்சிகா எட்டிப் பார்த்து, உதடு அசைய அதை ஒரு முறை படித்தாள்.

அவளை நான்காம் வகுப்பில் என் வகுப்புக்காரியாக டீச்சர் எழுதிக்கொண்டார். டிசிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

பழைய பெயரை என்ன செய்வது என்று சித்தப்பா கேட்டார். உடனே அடித்துவிடுங்கள், பின்னால் வம்பு வரக் கூடாது என்றார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் பதிவேட்டை மூடினார்.

"மாச நடுவுல பேர அடிக்க முடியாதுங்க. மாசக் கடைசி வரைக்கும் இருக்கும்" என்றார். சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்தான், ஆனால் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அந்த மாதம் முடிய இன்னும் ஒன்பது பள்ளிக்கூட நாட்கள் இருந்தன. ஒன்பது நாளும் பெரிய டீச்சர் நான்காம் வகுப்பில் "தர்சிகா" என்று கூப்பிட்டார். கிள்ளுவதற்கு முன்பே, கூப்பிட்டு முடிப்பதற்கு முன்பே, "உள்ளேன் டீச்சர்" என்று அறை அதிரப் பதில் வந்தது. பிறகு ஐந்தாம் வகுப்பில் "வளர்மதி" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. என் கை மட்டும் பழக்கத்தில் கொஞ்சம் நகரும். டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருப்பார். ஜன்னல் வழியாகக் கண்மாய்க் காற்று வரும். அப்புறம் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார். ஒன்பது நாளும் அம்மா பையில் எதையாவது மறந்தாள், வேப்பமரத்தடியில் வந்து நின்றாள்.

தர்சிகா பத்தாவதைத் தன் பெயரில் முடித்தாள், பன்னிரண்டாவதையும், பிறகு கல்லூரியையும். ஒவ்வொரு கவுண்டரிலும் அவளிடம் இல்லாத ஏதோ ஒரு காகிதத்தைக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவள் தன்னிடம் இருந்ததை முதலில் எடுத்து வைத்தாள். சில கதவுகள் திறந்தன, சிலவற்றின் முன்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். சென்ற வருடம் நாங்கள் இருவரும் ஒரு வேலையாகப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த தலைமையாசிரியையிடம் நான் சும்மா கேட்டேன். பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை எடுக்க மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டுமா என்று. அப்படியெல்லாம் எதுவும் இல்லையே, எந்த நாளிலும் எடுக்கலாம் என்றார் அவர். தர்சிகா என் கையை மெதுவாகக் கிள்ளினாள்.

அந்த ஒன்பது நாளும் முடிந்து, புதிய மாதத்தின் முதல் நாள் பதிவேட்டில் புதிய பக்கம் திறந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெயர் குறைந்திருந்தது. டீச்சர் எங்கும் நிற்காமல் படித்துக்கொண்டு போனார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மரத்தடியில் யாரும் இல்லை. பையைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டில் இருந்தது. ஸ்கேல் இருந்தது, தட்டு இருந்தது, இரண்டு நாளுக்கு முன் காணாமல் போன ரப்பர்கூடத் துடைத்துச் சுத்தமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தர்சிகாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

"எங்கம்மாவுக்கு மறதி சரியாப் போச்சுடி."